கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையில் நம்ம ஊர் இலை



ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வகுப்பில் ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை ஒன்னு வரைங்க" என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எந்த விளக்கமும் வேண்டாம். கால் மணி நேரம் கழித்து மேசைகளைச் சுற்றி வாருங்கள். ஒரு தாளில் பனிமனிதன் நிற்பான். இன்னொன்றில் பனி மூடிய பைன் மரம். அடுத்ததில் புகைபோக்கி வைத்த வீடு.

இப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல நீ நேர்ல பாத்தது எது?"

வகுப்பே சிரிக்கும். மேருவில் பனி பெய்ததில்லை. நம் பிள்ளைகள் கையால் தொட்ட பனி, கடையில் வாங்கும் ஐஸ் கச்சாங் மட்டும்தான். கிள்ளானில் எந்த வீட்டுக்கும் புகைபோக்கி கிடையாது. ஆனாலும் அட்டை என்றதும் கை தானாக அங்கே போய்விடுகிறது.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கடையில் விற்கும் அட்டைகள் அப்படி இருக்கின்றன, அதைப் பார்த்து அவர்கள் வரைகிறார்கள். ஆனால் இதே பழக்கம் கட்டுரைத் தாளுக்கும் வந்துவிடுகிறது. தான் பார்த்த காலை நேரத்தை எழுதாமல், மனப்பாடம் செய்த 'கதிரவனின் பொற்கதிர்களை' எழுதுகிறார்கள். திருத்தும் ஆசிரியருக்கு முப்பது தாளிலும் ஒரே கதிரவன்!

அதனால் இந்தக் கட்டுரை இரண்டு வேலைகளைச் செய்கிறது. நம் வாசலில் கிடைக்கும் பூ, காய், இலை இவற்றை வைத்து மூன்று வகை வாழ்த்தட்டைகள் செய்யும் முறையைச் சொல்கிறது. பிறகு, செய்ததை எப்படித் தமிழில் எழுதுவது என்று தேர்வு மாணவர்களுக்குக் காட்டுகிறது. முதலில் கண்ணும் கையும், அப்புறம் பேனா. இந்த வரிசை முக்கியம்.

பனியும் குருவியும் எங்கிருந்து வந்தன?

அச்சிட்டு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை 1843இல் லண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவர் கேட்டுக்கொண்டதால் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி அதை வரைந்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1840இல், பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்திருந்தது. தபால் செலவு குறைந்ததும் வாழ்த்து அனுப்பும் பழக்கம் மெல்ல மெல்லப் பரவியது.

முதல் அட்டையில் பனியும் இல்லை, குருவியும் இல்லை. ஒரு குடும்பம் விருந்துண்ணும் காட்சியும், ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சியும்தான் அதில் இருந்தன. குருவி பிறகு வந்தது. அன்றைய பிரிட்டன் தபால்காரர்கள் சிவப்பு மேலங்கி அணிந்ததால் மக்கள் அவர்களை 'ராபின்' என்று செல்லமாக அழைத்தார்கள். ராபின் என்பது அந்த நாட்டில் குளிர்காலத்திலும் தோட்டத்தில் காணப்படும் சிவந்த மார்புள்ள சிறு பறவை. வாழ்த்தைக் கொண்டு வருபவர் ராபின் என்பதால் அட்டையிலும் அந்தப் பறவை வந்து உட்கார்ந்துகொண்டது. குளிரிலும் பச்சை மாறாத முள் இலைச் செடியும் அதன் சிவப்புக் கனிகளும் அப்படித்தான் வந்தன.

கவனித்தீர்களா? அவர்கள் தங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்ததை வரைந்தார்கள். அவர்களைப் பின்பற்ற வேண்டுமென்றால் நாமும் நம் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

புகைபோக்கி வீட்டுக்குப் பதிலாக ஒரு கட்டடம் வேண்டுமா? கிள்ளானில் 1928இல் கட்டப்பட்ட லூர்து மாதா தேவாலயம் இருக்கிறது. பிள்ளைகள் பலர் அதைக் கடந்து போயிருப்பார்கள். அதை வரையட்டும்.

முதலில் தாளும் மடிப்பும்

அட்டை செய்யத் தொடங்கும்முன் தாளைச் சரிபார்க்க வேண்டும். சாதாரண நகல் தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் கனம்தான் இருக்கும். பசை பட்டதும் சுருங்கிவிடும். 160 ஜிஎஸ்எம் முதல் 230 ஜிஎஸ்எம் வரையுள்ள அட்டைத்தாள் போதும். மணிலா அட்டையும் நல்லது.

ஒரு ஏ4 தாளின் அளவு 210 மில்லிமீட்டருக்கு 297 மில்லிமீட்டர். அதைக் குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் நடுவில் மடித்தால், 105 மில்லிமீட்டருக்கு 148 மில்லிமீட்டர் அளவில் ஓர் அட்டை கிடைக்கும். அதற்குப் பொருந்தும் கடித உறை சி6 அளவு, அதாவது 114 மில்லிமீட்டருக்கு 162 மில்லிமீட்டர். ஆக, 30 மாணவர்களுக்கு 15 ஏ4 தாள்கள். கணிதப் பாடத்துக்கும் இது ஆகும்.

மடிப்பு நேராக வர ஒரு வழி இருக்கிறது. மை தீர்ந்துபோன பேனாவைத் தூக்கிப் போடாதீர்கள். மடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கோலை வைத்து, அந்தப் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுங்கள். பிறகு மடித்தால் கத்தி மாதிரி நேராக மடியும்.

இவற்றோடு வெள்ளைப் பசை, பல்குத்தும் குச்சி, பழைய செய்தித்தாள், மெழுகு வண்ணக்குச்சி, போஸ்டர் வண்ணம், பழைய பல் துலக்கி ஆகியவை இருந்தால் போதும்.

அட்டை 1: காகிதப்பூ

கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைகளில் சிவப்புச் சிவப்பாக ஒரு செடி விற்பார்கள். அதன் பெயர் பாயின்செட்டியா. மெக்சிகோவைச் சேர்ந்தது. அமெரிக்காவின் முதல் மெக்சிகோ தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் என்பவரின் பெயரால் வழங்குகிறது. அதில் சிவப்பாகத் தெரிவது பூவின் இதழ் அல்ல. பூவைச் சுற்றியிருக்கும் இலை. அதைப் பூவடி இலை என்கிறோம். உண்மையான பூக்கள் நடுவில் மஞ்சளாக, மிகச் சிறியதாக இருக்கும்.

இதே அமைப்புள்ள செடி நம் தாமான்களில் வேலிக்கு வேலி நிற்கிறது. காகிதப்பூதான்! அதிலும் நாம் பூ என்று நினைப்பது மூன்று பூவடி இலைகளை. உள்ளே மெல்லிய குழல் போல இருப்பதே பூ. பிள்ளைகளிடம் ஒன்றைக் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அறிவியல் பாடம் அங்கேயே நடந்துவிடும். பறிக்கும்போது முள் குத்தும், ஜாக்கிரதை.

பூவை அழுத்தி உலர்த்த இதைவிட நல்ல பூ தொடக்கநிலை மாணவர்களுக்குக் கிடைக்காது. மெல்லியதாக இருக்கிறது, நீர்ச்சத்து குறைவு, நிறமும் சீக்கிரம் போகாது. செம்பருத்தியை முழுதாக வைத்து அழுத்தினால் பழுப்பாகிவிடும். நம் தேசிய மலர் கட்டாயம் வேண்டுமென்றால் நடுவிலுள்ள தண்டை எடுத்துவிட்டு, இதழ்களைத் தனித்தனியாக அழுத்துங்கள். அரளிப்பூ வேண்டவே வேண்டாம், அது நஞ்சு. தொட்டாற்சிணுங்கி இலை அழகாக இருக்கும். ஆனால் பறித்த உடனே மூடிக்கொள்ளும்.

செய்முறை இதுதான்.

1. மழை விட்டு, ஈரம் காய்ந்த பிறகு பூவைப் பறியுங்கள். காலை 10 மணிக்கு மேல் நல்லது.

2. ஐந்தாறு செய்தித்தாள்களை அடுக்கி, பூவடி இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். மேலே இன்னும் ஐந்தாறு தாள்களை வைத்து மூடுங்கள்.

3. கனமான புத்தகங்களை ஏற்றி வையுங்கள். பழைய பயிற்சி நூல்களுக்கு இப்படியும் ஒரு பயன்!

4. முதல் மூன்று நாள்கள் தினமும் செய்தித்தாளை மாற்ற வேண்டும். இதை மறந்தால் எல்லாம் போச்சு. கிள்ளான் பள்ளத்தாக்கில் நவம்பர் மழை மாதம். காற்றிலேயே ஈரம் இருக்கும். தாளை மாற்றாவிட்டால் நாலாம் நாள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

5. ஐந்து முதல் ஏழு நாளில் உலர்ந்துவிடும். உலர்ந்ததா என்று தெரிந்துகொள்ள, அதைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை.

6. உலர்ந்தவற்றை மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். உள்ளே ஒரு துணி முடிச்சில் வறுத்து ஆறவைத்த அரிசியைப் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஒட்டும்போது பசையை அட்டையில் பூசாதீர்கள். பல்குத்தும் குச்சியின் நுனியால் பூவின் பின்புறத்தில் மூன்று நான்கு புள்ளிகள் வைத்தால் போதும். அதிகப் பசை நிறத்தைக் கெடுக்கும். காகிதப்பூவை வெட்டிப் பாயின்செட்டியா மாதிரி ஆக்க வேண்டாம். அது காகிதப்பூவாகவே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பெரணி இலை வைத்தால் இன்னும் எடுப்பாக இருக்கும்.

அட்டை 2: வெண்டைக்காய் நட்சத்திரம்

இயேசு பிறந்தபோது கிழக்கிலிருந்து வந்த ஞானிகளுக்கு ஒரு நட்சத்திரம் வழிகாட்டியது என்று மத்தேயு நற்செய்தி சொல்கிறது. அதனால்தான் கிறிஸ்தவர்கள் டிசம்பரில் வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு கட்டுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் இரவில் போனால் நீங்களும் பார்க்கலாம்.

அந்த நட்சத்திரம் நம் சமையலறையிலும் இருக்கிறது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்! பெரும்பாலும் ஐந்து முனை இருக்கும். சிலவற்றில் ஆறு, ஏழுகூட வரும். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சமையலுக்கு ஆகாத முற்றல் காய்தான் இதற்கு நல்லது. பிஞ்சு நசுங்கிவிடும். காம்புப் பக்கத்தில் கைப்பிடிக்கு இடம் விட்டு, கத்தியால் ஒரே வெட்டாக நேராக நறுக்குங்கள். முதல் படிவ மாணவர்களாக இருந்தாலும், ஆரம்பப்பள்ளி மாணவர்களாக இருந்தாலும் வெட்டும் வேலையை ஆசிரியர் செய்வது நல்லது. வெட்டிய முகத்தைச் செய்தித்தாளில் பத்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள். வழவழப்பு குறையும். இதைச் செய்யாவிட்டால் வண்ணம் ஒட்டாது.

போஸ்டர் வண்ணத்தைத் தண்ணீர் அதிகம் சேர்க்காமல் குழைத்து, ஈரப் பஞ்சில் தடவுங்கள். காயைப் பஞ்சில் ஒற்றி, அட்டையில் ஒற்றி, நேராக மேலே தூக்குங்கள். இழுக்கக் கூடாது. நாலைந்து முறை ஒற்றியதும் வடிவம் மங்கும். அப்போது முனையை மெல்லச் சீவினால் புது முத்திரை ரெடி.

கருநீல அட்டையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒற்றினால் இரவு வானம் மாதிரி இருக்கும். எல்லா இடத்திலும் ஒற்றிவிடாமல் பாதி வானத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். வெறுமை இருந்தால்தான் நட்சத்திரம் கண்ணில் படும்.

அட்டை 3: ரப்பர் இலை

இனி, எனக்குப் பிடித்த அட்டைக்கு வருகிறேன்.

மலாயாவின் ரப்பர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார்கள். பிறகு தீபகற்பத்தின் மேற்குப் பகுதி முழுவதும் ரப்பர் பரவியது. அந்த மரங்களைச் சீவத்தான் நம் முன்னோர்களில் பலர் கப்பலேறி வந்தார்கள்.

ஆண்டின் தொடக்கத்தில் வறட்சி வரும்போது ரப்பர் மரம் இலை உதிர்க்கும். உதிர்வதற்கு முன்பு இலை மஞ்சளாகும், செம்பு நிறமாகும், சில மரங்களில் நன்றாகச் சிவக்கும். தோட்டத்து வெள்ளைக்கார துரைமார்கள் இதை 'விண்டரிங்' என்றே சொன்னார்கள். அதாவது குளிர்காலம்! பனியில்லாத நாட்டில் அவர்கள் கண்ட குளிர்காலம் அதுதான். ஆனால் இலை உதிரும் நாள்களில் பால் குறைந்துவிடும். பால் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு அது அழகு பார்க்கும் காலமாக மட்டும் இருந்திருக்காது. வீட்டில் தாத்தா பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவர்களாக இருந்தால், "இலை உதிர்ற காலத்துல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அட்டைக்குப் பின்னால் எழுத வேறு விஷயம் தேட வேண்டியிருக்காது.

மேருவைச் சுற்றிப் பல தோட்டங்கள் இன்று தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் ஆகிவிட்டன. செம்பனையும் நிறைய. ஆனாலும் ஓரங்களில் ரப்பர் மரம் நிற்கிறது. உரிமையாளரைக் கேட்டுவிட்டு இலை எடுங்கள். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். ரப்பர் கிடைக்காத பள்ளிகள் உதிர்ந்த அரச இலையைப் பயன்படுத்தலாம்.

எளிய முறை: உரசி எடுத்தல். சிற்றிலையை நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். அதன் மேல் மெல்லிய நகல் தாளை விரியுங்கள். மெழுகு வண்ணக்குச்சியின் தாளை உரித்து, குச்சியைப் படுக்க வைத்து ஒரே திசையில் உரசுங்கள். நரம்புகள் ஒவ்வொன்றாக மேலே வரும். முதல் தடவை பார்க்கும் பிள்ளை "ஆ!" என்று சொல்லாமல் இருக்காது. இலையைக் காம்பு கீழே இருக்கும்படி நிறுத்திப் பாருங்கள். நடு நரம்பு அடிமரம், பக்க நரம்புகள் கிளைகள். பைன் மரம் தேடிப் போக வேண்டாம், ஒவ்வோர் இலைக்குள்ளும் ஒரு மரம் இருக்கிறது. அதை வெட்டி அட்டையில் ஒட்டினால் முடிந்தது.

பொறுமை கேட்கும் முறை: இலை வலை. இலையின் சதையை நீக்கிவிட்டு நரம்பு வலையை மட்டும் எடுப்பது. ரப்பர் இலை வலையை வண்ணம் தோய்த்துக் கைவினைப் பொருளாக விற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். முற்றிய பச்சை இலைகளை ஒரு டப்பாவில் தண்ணீரில் மூழ்க வைத்து, மூன்று நான்கு வாரம் ஊற விட வேண்டும். சதை அழுகித் தானாகக் கழன்றுவரும். பிறகு தட்டில் தண்ணீர் விட்டு, இலையை மிதக்க வைத்து, பழைய பல் துலக்கியால் மெல்லத் தட்டித் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். தேய்த்தால் கிழியும்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. ஊறவைக்கும் டப்பாவுக்கு இறுக்கமான மூடி வேண்டும். ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் திறந்து கிடந்தாலே ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பெருகிவிடும். வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள், உடனே மூடுங்கள். வாழ்த்தட்டை செய்யப் போய் டிங்கிக் காய்ச்சலை வரவழைத்துவிடக் கூடாது.

அவசரம் என்றால் சலவைச் சோடா கலந்த நீரில் இலையை மெல்லிய தீயில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேகவைக்கலாம். இதை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரிக்கும். எவர்சில்வர் பாத்திரம் சரி. ஆனால் அதில் மறுபடி சமைக்காதீர்கள்.

இலை வலை அட்டைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அதைத் தடவிப் பார்க்கலாம். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அந்தச் சாலைகளில் வெள்ளைக் கோலுடன் நடப்பவர்களைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். கடையில் வாங்கும் பளபளப்பான அட்டை அவர்கள் விரலுக்கு வெறும் வழவழப்பான தாள். உண்மையான இலையும் காகிதப்பூவும் ஒட்டிய அட்டையை விரலால் அறியலாம். யாருக்காகச் செய்கிறோம் என்று யோசித்தால் அட்டையே மாறிவிடுகிறது.

வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புவதாக இருந்தால் மட்டும் உண்மையான இலை, விதை, பூ வேண்டாம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் தாவரப் பொருள்களைக் கடுமையாகச் சோதிக்கும். உரசிய படமோ வெண்டைக்காய் அச்சோ அனுப்புங்கள்.

உள்ளே என்ன எழுதுவது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு கிராமத்துக்கு யுனிசெஃப் உதவி போனது. அங்கே யிட்கா சாம்கோவா என்ற 7 வயதுச் சிறுமி நன்றி சொல்ல ஒரு படம் வரைந்தாள். வரையத் தாள் இல்லாததால் கண்ணாடித் துண்டில் வரைந்தாள். அந்தப் படமே 1949இல் யுனிசெஃபின் முதல் வாழ்த்தட்டை ஆனது.

அவளிடம் நல்ல தாள்கூட இல்லை. ஆனால் சொல்ல ஒரு செய்தி இருந்தது. நம் பிள்ளைகளிடம் தாள் இருக்கிறது. சொல்ல வேண்டிய செய்தியைத் தேட நாம் உதவ வேண்டும்.

"தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் இனிய கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்" என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் அதை யாருக்கும் அனுப்பலாம். அதற்குக் கீழே ஒரே ஒரு வாக்கியம், பெறுபவருக்கு மட்டும் பொருந்துவதாக எழுதச் சொல்லுங்கள்.

"டீச்சர், போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீங்க போன் பண்ணிக் கேட்டீங்க. இந்தப் பூ எங்க வீட்டு வாசல்ல பறிச்சது."

"ஆண்ட்டி, நீங்க வருசா வருசம் கொடுத்தனுப்புற கேக்குக்கு நன்றி. இந்த வருசம் தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு நீங்க வந்தது சந்தோசம்."

பேச்சு வழக்கில் எழுதலாமா என்று கேட்பீர்கள். நெருங்கியவருக்கு எழுதும் அட்டையில் எழுதலாம். தேர்வுத் தாளில் எழுதக் கூடாது. இந்த வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஒரே செய்தியை ஒரு முறை பேச்சு வழக்கிலும், ஒரு முறை எழுத்து வழக்கிலும் எழுத வையுங்கள்.

தேர்வு மாணவர்களுக்கு

"வாழ்த்தட்டை தயாரிக்கும் முறை" என்பது போன்ற தலைப்பு வந்தால், செய்து பார்த்தவர் எழுதுவதற்கும் செய்யாதவர் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். இதோ இரண்டு மாதிரிகள்.

செய்யாதவர்: "முதலில் அழகான பூக்களைச் சேகரிக்க வேண்டும். பின்னர் அவற்றை நன்றாக உலர்த்த வேண்டும். அதன் பிறகு அட்டையில் அழகாக ஒட்ட வேண்டும்."

செய்தவர்: "மழை ஈரம் காய்ந்த பிறகு காகிதப்பூக்களைப் பறித்தேன். செய்தித்தாள்களுக்கு இடையே பரப்பி, மேலே கனமான புத்தகங்களை வைத்தேன். முதல் மூன்று நாள்கள் தாளை மாற்றினேன்; இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஆறாம் நாள் ஓர் இதழைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தேன். குளிர்ச்சி இல்லை. ஒட்டலாம் என்று முடிவு செய்தேன்."

இரண்டாவது மாதிரியில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. 'அழகு' என்ற சொல்லும் இல்லை. எப்போது, எதனால், எப்படித் தெரிந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை மட்டும் இருக்கிறது. கருத்து விரிவாக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

எழுதும்போது இவற்றைக் கவனியுங்கள்.

உறை, உரை: கடிதத்தை இடுவது உறை. மேடையில் ஆற்றுவது உரை. 'கடித உரை' என்று எழுதிவிடாதீர்கள்.

ஒட்டு, ஓட்டு: பூவை ஒட்டலாம், மோட்டாரை ஓட்டலாம்.

வாழ்த்துகள்: 'எழுத்துகள்' போலவே 'வாழ்த்துகள்' என்று இயல்பாக எழுதினால் போதும். நடுவில் 'க்' வேண்டாம்.

வலிமிகும் இடம்: மடித்துப் பார், உலர்த்திப் பார், வாழ்த்துச் செய்தி, இலைக்காம்பு.

வலிமிகா இடம்: செய்து பார், உலர்ந்த பூ, உலராத பூ. இவை பெயரெச்சமா வினையெச்சமா, எந்த வகைக் குற்றியலுகரம் என்று நண்பரோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள்.

வினைச்சொற்கள்: பறி, பரப்பு, அழுத்து, உலர்த்து, நறுக்கு, ஒற்று, உரசு, சீவு, மடி. 'செய்' என்ற ஒரே வினையை எல்லா இடத்திலும் போடாமல் இவற்றைப் பயன்படுத்தினால் வாக்கியம் தானாகவே தெளிவாகும்.

ஆசிரியர்களுக்குச் சில சொற்கள்

நான்கு வாரத் திட்டம் போதும். நவம்பர் கடைசி வாரத்தில் இலையை ஊறவையுங்கள். அடுத்த வாரம் பூவை அழுத்துங்கள். மூன்றாம் வாரம் வெண்டைக்காய் அச்சும் இலை உரசலும். நான்காம் வாரம் இலை வலையைச் சுத்தம் செய்து, ஒட்டி, எழுதி, கையில் கொடுத்துவிடலாம். பள்ளி நாள்காட்டி இடம் தராவிட்டால் அட்டை 2 மட்டும் போதும், ஒரே பாடவேளையில் முடியும். சிவந்த ரப்பர் இலை வேண்டுபவர்கள் அடுத்த இலையுதிர் காலத்தில் சேகரித்து, அழுத்தி, டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நிறுத்தப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டுக்கான சான்றுகளை நாம் தொடர்ந்து சேகரித்து வருகிறோம். அட்டை, அதன் செய்முறைப் பத்தி, தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிய குறிப்பு மூன்றையும் சேர்த்துக் கோப்பில் வைத்தால் கலைக்கும் மொழிக்கும் சான்று ஆகும். அட்டையை மாணவர் பிறருக்குக் கொடுக்க வேண்டுமே என்று தயங்க வேண்டாம், படம் பிடித்து வைத்துக்கொண்டு கொடுத்துவிடச் சொல்லுங்கள். கொடுக்கப்படாத வாழ்த்தட்டை பாதி வேலைதான்.

நம் தமிழ்ப்பள்ளி வகுப்பில் பல சமயப் பிள்ளைகள் இருப்பார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடும் நண்பர், ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஜாகா, சிற்றுண்டிச்சாலை ஆண்ட்டி என யாருக்குக் கொடுப்பது என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். ஒரு பெற்றோருக்கு இதில் தயக்கம் இருந்தால் வற்புறுத்தாதீர்கள். இதே முறையில் ஜனவரியில் பொங்கல் வாழ்த்தட்டை செய்யலாம். ஒரு காலத்தில் பொங்கல் வாழ்த்து அனுப்பாத வீடு குறைவு. அந்தப் பழக்கமும் திரும்பி வரட்டுமே.

வகுப்பில் செய்து பாருங்கள். முடிந்ததும் தொடக்கத்தில் கேட்ட அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்: "இதுல நீ நேர்ல பாத்தது எது?"

இந்த முறை பிள்ளைகள் எந்த வேலி, எந்த மரம், யார் வீட்டுச் சமையலறை என்று இடத்தையே சொல்லுவார்கள். அந்தப் பதில்களை அப்படியே எழுத வையுங்கள். கட்டுரைக்கு முதல் பத்தி கிடைத்துவிடும்.